உள்ளே போவதெல்லாம் அதன் தோட்டா அல்ல

டோல்கேட் முனையில் இருக்கும் டீக்கடையில் போன வாரம் ஓர் இளம் காவலர் என்னைப் பிடித்துக்கொண்டார். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அதே காவல் பிரிவின் உடுப்பு. புது மாதிரித் துப்பாக்கிகள் வந்து இறங்கியிருக்கின்றனவாம், பழையவற்றைப் பெட்டியில் போட்டு ஆணி அடிக்கிறார்களாம். "பழசே தேவலன்றாங்க சார். அதுல எந்தத் தோட்டாவ வேணா போடலாமாமே. உள்ள போச்சுன்னா சுட்ற வேண்டிதானாமே" என்றார். எனக்கு டீ புரையேறிவிட்டது. வேலையில் இருந்த காலமெல்லாம் தொண்டைத் தண்ணீர் வற்ற நான் கத்திய ஒரே விஷயம் இதுதான். கத்தியதெல்லாம் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொண்டதோ தெரியவில்லை. அவருக்குப் பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். வாயைத் திறந்திருந்தால் கடைக்காரர் வந்து சமாதானம் செய்ய வேண்டியிருக்கும். எழுதினாலாவது நிதானமாக வரும் என்று உட்கார்ந்தேன். வருகிற மாதிரித் தெரியவில்லை.

நான் ஆர்மரர், அதாவது துப்பாக்கி பழுது பார்க்கிறவன். வியாசர்பாடியில் பிறந்து, ரயில் பட்டறையில் பிட்டர் வேலை கற்றுக்கொண்டு, யுத்தம் முடிந்த சமயத்தில் இந்தப் பிரிவில் சேர்ந்தேன். பிரிவின் பெயர் வேண்டாம். துறைமுகத்துச் சரக்குக் கிடங்குகளுக்குக் காவல் நிற்கிறவர்கள் என்றால் போதும். எங்கள் ஆயுத அறை ராயபுரத்துக்கும் கொருக்குப்பேட்டைக்கும் நடுவே தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. கூட்ஸ் வண்டி போகும்போதெல்லாம் துப்பாக்கிகள் நிறுத்தியிருக்கும் சட்டத்தில் கடகடவென்று ஆடும். கற்றுக்கொண்ட வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எண்ணெய் போட்டேன், துடைத்தேன், திட்டு வாங்கினேன்.

அந்த அறையில் இரண்டு வகைத் துப்பாக்கிகள் இருந்தன. ஒன்று த்ரீ நாட் த்ரீ ரைபிள். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்கு போட்டால் அதில் முன்னூற்று மூன்று பங்கு அதன் குழலின் துளை. மற்றது ஃபோர் டென் மஸ்கட். இதற்கு நானூற்றுப் பத்து பங்கு. இதில் என்ன தலைவலி என்றால், இந்த மஸ்கட்டை யாரும் புதிதாகச் செய்யவில்லை. தேய்ந்துபோன பழைய த்ரீ நாட் த்ரீயின் குழலையே அகலமாகக் கடைந்து, தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினுக்குள் மரக்கட்டையைச் சொருகி அடைத்து, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா என்று ஆக்கிவிட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. நம் ஊர்க் காவல்காரன் கையில் நல்ல ரைபிள் இருந்தால் வெள்ளைக்காரனுக்குத் தூக்கம் வராது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் அதே கட்டை, குழலின் பின்வாயை மூடும் அதே போல்ட், அதே வார். குழலின் அடியில் குத்தியிருக்கும் சின்ன எண் ஒன்றுதான் வித்தியாசம்.

தோட்டாக்கள் அப்படியல்ல. த்ரீ நாட் த்ரீ தோட்டா கழுத்து சிறுத்து மூக்கு கூராக இருக்கும். ஃபோர் டென் கழுத்தே இல்லாமல் நேராக, தலையில் ஈய உருண்டையோடு இருக்கும். ஆனால் இரண்டுக்கும் அடிப்பாகம் ஒரே அளவு. ஆகவே தடித்த ஃபோர் டென் தோட்டா ரைபிளில் போகாது. ஒல்லியான த்ரீ நாட் த்ரீ தோட்டாவோ மஸ்கட்டில் சுகமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், ஒல்லி ஆள் தடியன் சட்டையை மாட்டிக்கொண்ட மாதிரி. போல்ட் மூடும். விசையும் அழுந்தும். அதற்குப் பிறகுதான் கூத்து. சுற்றிலும் பிடிமானம் இல்லாததால் பித்தளைக் கூடு விரிந்து கிழியும். குண்டைத் தள்ள வேண்டிய நெருப்பில் ஒரு பங்கு பின்னால் திரும்பி, சுடுகிறவன் முகத்துக்கு வரும். இதைத்தான் "உள்ள போச்சுன்னா சுட்ற வேண்டிதான்" என்கிறார்கள்.

எங்கள் தலைமை ஆர்மரர் மாசிலாமணி சார். ராயபுரத்துக்காரர், ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். பெருக்க வருகிறவரைக்கூட "வாங்கய்யா" என்றுதான் கூப்பிடுவார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆனால் அந்த மனிதரிடம் துப்பாக்கி வாங்குவது, கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் பிடிப்பதைவிடப் பாடு. போல்ட்டைத் திறந்து துப்பாக்கியை மேசைமேல் வைப்பார். வாங்க வந்தவர் சுண்டு விரலை உள்ளே விட்டுக் காலியாக இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். குழலடியில் இருக்கும் எண்ணை வாய்விட்டுப் படிக்க வேண்டும். பிறகு தோட்டாவைக் கவிழ்த்து அதன் அடியில் இருக்கும் எண்ணை வாய்விட்டுப் படிக்க வேண்டும். வரிசையில் பின்னால் நிற்கிறவர் இரண்டையும் திரும்பச் சொல்ல வேண்டும். அதற்கு மேல்தான் கையில் தருவார்.

"தெனம் எடுக்கற துப்பாக்கி சார், எனக்குத் தெரியாதா" என்று யாராவது சலித்துக்கொண்டால், "தெரிஞ்சதப் படிக்க இன்னாய்யா கஷ்டம்" என்பார். ஒன்றைத் தாவினாலும் துப்பாக்கியை வாங்கிச் சட்டத்தில் வைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். வரிசை வாசலைத் தாண்டி தண்டவாளம்வரை நிற்கும். அவர்கள் அவரைத் திட்டுவதில்லை. அவருக்கு உதவியாளாக இருந்த பாவத்துக்கு என்னைத் திட்டுவார்கள்.

காவலர்களில் பாதிப் பேருக்கு எண் தட்டுத்தடுமாறித்தான் படிக்க வரும். அதற்காக மாசிலாமணி சார் ஒரு வேலை செய்தார். மஸ்கட் ஒவ்வொன்றின் முன்கட்டையிலும் இரண்டு விரல் அகலத்துக்குச் சிவப்புப் பட்டை அடித்தார். மஸ்கட் தோட்டாப் பெட்டியின் மூடிக்கும் அதே சிவப்பு. "எண்ணப் பாக்கறதுக்குப் பதில் இல்லய்யா இது. எண்ணப் பாருன்னு ஞாபகப்படுத்தறதுக்கு" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாளிலிருந்து வாய் எண்ணைச் சொன்னது, கண் பட்டையைத்தான் பார்த்தது.

இப்போது ஜமேதார் தனகோட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காவலர்களுக்கெல்லாம் மேலாள். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துக்காரர், குப்பத்துப் பஞ்சாயத்தில் உட்காருகிற ஆள். காவலர்களில் பலரும் அவர் கொண்டுவந்து சேர்த்தவர்கள்தான். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வயிற்றெரிச்சல் இருந்திருக்காது, திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருப்பேன்.

ஆயுத பூஜை வந்தால் ஆயுத அறைச் சாவி தனகோட்டி கைக்குப் போகும். மாசிலாமணி சார் மாதா கோயிலுக்குப் போகிறவர். எங்கள் வீடு பௌத்த வீடு. பூஜை செய்கிறவர்களுக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேர் எதற்கு என்று விடுப்பு எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவோம். வருஷா வருஷம் நடந்த பழக்கம். எழுதி வைத்த விதி என்னவோ சாவி ஆர்மரரை விட்டுப் போகக்கூடாது என்பதுதான்.

அந்த வருஷம் நடந்ததைப் பிறகு நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். துப்பாக்கிகளைச் சுவரோரம் வரிசையாக நிறுத்திச் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார்கள். தனகோட்டி தள்ளி நின்று பார்த்திருக்கிறார். பாதிக்குச் சிவப்புப் பட்டை இருக்கிறது, பாதிக்கு இல்லை என்பது மனதுக்குப் பிடிக்கவில்லை. "பாதி நெத்தி நெறைய வெச்சிக்கினு கீது, பாதி மூளியா நிக்குது. நல்ல நாளும் அதுவுமா இன்னா லட்சணம் இது" என்றிருக்கிறார். குப்பத்திலிருந்து படகுக்கு அடிக்கும் சிவப்பு வண்ணம் வந்தது. ரைபிள், மஸ்கட் என்று பார்க்காமல் மூளியாக நின்ற அத்தனைக்கும் பட்டை போட்டுவிட்டார்கள். அதுவும் எவ்வளவு நேராக, எவ்வளவு அழகாக. நாங்கள் அடித்ததைவிட நன்றாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

விஜயதசமிக்கு மறுநாள் எண்ணூர் மணலில் சுடும் பயிற்சி. தனகோட்டி காலையிலேயே அறையைத் திறந்து, துப்பாக்கிகளையும் இரண்டு தோட்டாப் பெட்டிகளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் வந்து படிக்கச் சொல்லி நேரத்தைக் கொல்லுவோம் என்று நினைத்தாரோ என்னவோ. மாசிலாமணி சாரும் நானும் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, கொருக்குப்பேட்டையில் ரயிலேறிப் போனோம். ரயில் வழக்கம்போல வழியில் நின்று நின்றுதான் போனது.

அதற்குள் அங்கே நடந்ததையும் பிறகு காதில் விழுந்துதான் தெரிந்துகொண்டேன். பயிற்சியில் எல்லோரும் ஒவ்வொரு தோட்டாவாகத்தான் போட வேண்டும். அதனால் மேகசின் அடைத்திருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை. துப்பாக்கி எல்லாமே சிவப்பு, ஆகவே சிவப்புப் பெட்டியைத் திறந்து ஃபோர் டென் தோட்டாவைக் கொடுத்தார்கள். முதலில் வந்தவர்கள் கையில் இருந்ததெல்லாம் ரைபிள். தடித்த தோட்டா உள்ளே போகுமா? அமுக்கிப் பார்த்தார்கள், ஊதிப் பார்த்தார்கள், சட்டை நுனியால் துடைத்தார்கள். தனகோட்டி ஒரு தோட்டாவை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"கடக்காத்து நைனா. ஈரத்துல ஊதிக்கினு கீது. அத்தக் கட்டி வெய்யி. அந்தப் பெட்டிய எட்தா."

பித்தளை ஊதிக்கொண்டதாம். அது என்ன, தண்ணீரில் போட்ட கொண்டைக்கடலையா? ஒரே ஓர் ஆளாவது எண்ணைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. த்ரீ நாட் த்ரீ பெட்டி திறந்தது. அது எல்லா ரைபிளிலும் அழகாகப் போனது, அழகாக வெடித்தது. ஜமேதார் சொன்னது சரிதான் என்று ஆகிவிட்டது.

எண்ணூரில் இறங்கி நாங்கள் மணலில் நடக்கும்போது வெடிச் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. நான் முன்னால் போனேன். மேடேறிப் பார்த்தால் ஒன்றோடொன்று சாய்த்துக் கூம்பாக நிறுத்தியிருந்த துப்பாக்கிகள் அத்தனையும் சிவப்பாக இருந்தன. "நிறுத்துங்க" என்று கத்திக்கொண்டே ஓடினேன். கடல் காற்று எதிரில் அடித்தது, யாருக்கும் கேட்கவில்லை. அடுத்து வந்தது வெடிச் சத்தமாகவே இல்லை. ஈரத் துணியைக் கல்லில் அடித்த மாதிரி ஒரு சத்தம்.

அடிபட்டவன் ஏழுமலை. தனகோட்டியின் குப்பத்துப் பையன்தான், அவரை மாமா என்று கூப்பிடுகிறவன், அவரால் வேலைக்கு வந்தவன். வலையில் தனக்கிருந்த பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் காக்கி போட்டவன். கையில் இருந்தது நிஜமான மஸ்கட், உள்ளே த்ரீ நாட் த்ரீ. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தான். விரல் இடுக்கில் ரத்தம் வந்தது. "வெண்ண மாரி போச்சே சார், வெண்ண மாரி போச்சே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

மாசிலாமணி சார் வந்து சேர்ந்தார். நான் தனகோட்டியின் சட்டையைப் பிடிக்காத குறை. சார் என்னைத் தள்ளிவிட்டு, குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீரை எடுத்து ஏழுமலையின் முகத்தைக் கழுவினார். சுத்தமான கைக்குட்டையைக் கண்ணில் வைத்துக் கட்டி, லாரியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு மணலில் உட்கார்ந்து, ஒவ்வொரு துப்பாக்கியாக எடுத்து, போல்ட்டைத் திறந்து, சுண்டு விரலை விட்டு, எண்ணை வாய்விட்டுப் படித்தார். நான் பின்னால் நின்று திரும்பச் சொன்னேன். காவலர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்கள். கடைசித் துப்பாக்கிவரைக்கும் அவர் ஒன்றையும் தாவவில்லை. எனக்கோ ஒவ்வோர் எண்ணைச் சொல்லும்போதும் அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

ஏழுமலைக்கு அந்தக் கண் போய்விட்டது. கண்ணுக்குக் கட்டுப் போட்டபடியேதான் விசாரணைக்கு வந்தான். விசாரித்தவர் எங்கள் பாதுகாப்பு அதிகாரி, நியாயமானவர்தான். ஆனால் அவருக்கு ஒரு பெயர் வேண்டும். தோட்டாவைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிப் போட்ட காவலனுக்கு வேலை கிடையாது என்பது விதி. மாற்றிக் கொடுத்தது வேறொருவர் என்றால் அவருக்கு வேலை கிடையாது. ஜமேதாரைக் கேட்டார்கள். "ரெண்டு பெட்டியும் தொறந்து கெடந்துச்சு சார். அவனா எடுத்துப் போட்டுக்கினான் போல" என்று தனகோட்டி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மற்றவர்களைக் கேட்டார்கள். ஒருவரும் பார்க்கவில்லையாம். அத்தனை பேர் அங்கே நின்றார்கள், அத்தனை பேருக்கும் அப்போது பார்த்து மணல் கண்ணில் விழுந்துவிட்டது. நான் பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன். நான் மேட்டில் அல்லவா ஓடிக்கொண்டிருந்தேன்.

அதிகாரி ஏழுமலையிடமே கேட்டார். "உனக்குத் தோட்டா கொடுத்தது யார்?"

"தெரீல சார்."

"யார் கொடுத்தது என்று தெரியாமலா வாங்கினாய்? நீயாக எடுத்தாயா?"

"எட்துருப்பேன் சார்" என்றான்.

"நீயாக எடுத்தாய் என்று எழுதினால் உன் வேலை போய்விடும். புரிகிறதா?"

"புரிது சார்."

எனக்கு அவனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. வாயைத் திறந்து ஒரு பெயரைச் சொல்வதற்கு என்ன கேடு? கண்ணும் போய், வேலையும் போய், வலையில் பங்கும் இல்லாமல் என்ன செய்வான்? வெளியே இடைவேளையில் அவனிடம் போய்க் கேட்டே விட்டேன். "இன்னாடா இது, அவர் பேரச் சொன்னா உன் நாக்கா அறுந்துடும்?" என்றேன். "வுடு சார்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுபடி உள்ளே போனதும் மாசிலாமணி சார் எழுந்தார். "சார், யாரு குடுத்தான்னு இனிமே கேக்க வாணாம். அந்தப் பட்டைய நம்பித்தான் அங்க எல்லாம் நடந்தது. அடையாளம் பொய்யாப் போன துப்பாக்கியக் கையில குடுத்தா, வாங்கனவன் இன்னா பண்ணுவான்? அடையாளம் என்னுது. சாவியும் என்னுது. வெளிய போவக்கூடாத சாவிய வருஷா வருஷம் நானே எட்த்துக் குடுத்துக்கினு இருந்தேன். எழுதிக்குங்க" என்றார்.

"எழுதினால் உங்களுக்கு என்ன ஆகும் என்று தெரியுமா?" என்றார் அதிகாரி.

"தெரியும் சார்."

நான் குறுக்கே பேச எழுந்தேன். மாசிலாமணி சார் கையை அமர்த்திக் காட்டினார். அதிகாரி எழுதிக்கொண்டார். ஏழுமலையின் பெயர் அடிபட்டவன் என்பதோடு நின்றது. அவனைக் கிடங்கு வாசலில் சீட்டுப் பார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். மாசிலாமணி சாரை வேலையை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். தனகோட்டி ஜமேதாராகவே இருந்தார்.

அன்று சாயங்காலமே ராயபுரத்தில் மாசிலாமணி சார் வீட்டுக்குப் போனேன். துணி உலர்த்தும் கயிறு அறுந்துவிட்டது என்று முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் மரியாதையெல்லாம் மறந்துவிட்டது. "எல்லார் கிட்டயும் எல்லாத்தயும் வாய்விட்டுக் கேக்கறவராச்சே நீங்க. ஏழுமல கிட்ட ஒரு தடவ நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பான் சார். உங்க கிட்ட அவன் பொய் சொல்ல மாட்டான்" என்றேன்.

"ஆமாய்யா, சொல்லியிருப்பான். அதான் கேக்கல" என்றார். கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, "குப்பத்துல பஞ்சாயத்து ஆளு மேல கை காட்டினா அப்புறம் அவன் வூட்டுப் பக்கம் ஒருத்தன் வர மாட்டான். நல்லது கெட்டதுக்குக் கூப்புட மாட்டாங்க, படகுல ஏத்த மாட்டாங்க. கண்ணு போனவனுக்கு ஊரும் போவணுமா?" என்றார்.

அதைக் கேட்டும் என் கோபம் போகவில்லை. தப்புச் செய்தவர் ஒருத்தர், கண்ணைக் கொடுத்தவன் ஒருத்தன், வேலையைப் பறிகொடுத்தவர் ஒருத்தர் என்றால் இது என்ன கணக்கு? அவர் காபி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த வருஷம் நான் தலைமை ஆர்மரர். சிவப்பு வண்ணத்தையெல்லாம் சுரண்டிவிட்டு, மஸ்கட் கட்டைகளில் கட்டைவிரல் பதிகிற மாதிரி பள்ளம் வெட்டிவைத்தேன். சாவியைக் கொடுக்கவில்லை. ஆயுத பூஜையின்போது கூடவே நின்றேன். பூஜை முடிந்ததும் தனகோட்டி பொரிகடலைத் தட்டோடு என்னிடம் வந்து, "எட்துக்கோ நைனா" என்றார். நாலு பேர் முன்னால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட நாக்கு துடித்தது. அவர் பக்கத்தில் வெற்றிலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு ஏழுமலை நின்றான். இருந்த ஒரு கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கைப்பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பொரி நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.